ஆலாத்தித் தட்டத்தில் ஓடிய ஆட்டம்

கண்டாவளையில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் செஸ் பழக்கினார்கள். அவள் கொஞ்ச நாளில் விட்டுவிட்டாள், நான் பிடித்துக்கொண்டேன். சட்டை வெட்டிக் களைத்தால் போனில் ஓர் ஆட்டம். அப்படியே, வவுனியாவில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா, நடத்துகிற இணையக் கழகத்திலும் சேர்ந்துவிட்டேன். ஞாயிறுகளில் வேறு ஊர்க் கழகங்களோடு போட்டி. அணிக்கு நாலு பேர்.

எனக்குப் பிடித்த தொடக்கம் கிங்ஸ் காம்பிட். இரண்டாவது நகர்த்தலிலேயே ராசாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைத் தூக்கி எதிராளிக்குக் கொடுத்துவிடுவது. மற்றவர்கள் ராசாவைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். எனக்கோ கதவைத் திறந்துபோட்டுவிட்டு யார் வருகிறார்கள் என்று பார்க்கிற குணம். வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டையே கொள்ளையடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"தங்கச்சி, இந்த முறையாவது அந்தச் சிப்பாயைக் குடுக்காதீங்க" என்று சனிக்கிழமைகளில் நானா கெஞ்சுவார்.

"ஓம் நானா" என்பேன். ஞாயிறு கொடுத்துவிடுவேன்.

விசுவமடுவில் என் மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வைத்த நாளும் ஒரு ஞாயிறுதான். நான் தாய்மாமனின் மனைவி. மாமி இல்லாமல் சடங்கு நடக்காது. நானாவிடம் சொன்னேன்.

"நாலாவது ஆள் இல்லாட்டி அணியே இல்லை தங்கச்சி. நீங்க ஒரு மூலையில இருந்து ஆடுங்க. யார் பாக்கப்போறாங்க?"

மண்டபத்து மூலையில் ஒரு கதிரையைப் பிடித்து ஆட்டத்தைத் தொடங்கினேன். எதிராளி யாழ்ப்பாணத்துக் கழகத்தவர். சிப்பாயைக் கொடுத்தேன். அவர் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் மச்சாள் வந்து நின்றாள்.

"அண்ணி, ஆலாத்திக்கு வாங்கோ. ஐயர் பாத்துக்கொண்டிருக்கிறார்."

போனைக் கைப்பைக்குள் வைத்தால் எதிராளி நகர்த்துவது தெரியாது. சேலையில் செருக இடமில்லை. ஆலாத்தி சுற்றுகிற தட்டத்தில் வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிந்துகொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவே போனைப் படுக்க வைத்தேன். தட்டத்தின் மறுபக்கத்தைப் பிடித்த அயல்வீட்டு அக்கா கண்ணை உருட்டினா.

"இதென்ன?"

"வீடியோவுக்கு" என்றேன்.

சுற்றத் தொடங்கினோம். வீடியோக்காரர் நீளக் கையில் கமராவைப் பூட்டி மேலிருந்து படம் பிடிக்கிறார் என்பதும், அது மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில் விழுகிறது என்பதும் எனக்குத் தெரியாது. சபையில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கமாகச் சரிந்து சுற்றுவதைக் கண்டுதான் திரும்பிப் பார்த்தேன். திரை நிறையச் செஸ் பலகை, தட்டத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எதிராளி தன் ராணியை என் பக்கம் இறக்கினார்.

முன்வரிசையில் இருந்த கணவரின் சித்தப்பா எழும்பிவிட்டார்.

"பிள்ளை, குதிரையால வெட்டு! ராணி சும்மா நிக்குது!"

ராணி காவலில்லாமல் நின்றதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. மண்டபம் முழுக்கச் சிரித்தது. காலையிலிருந்து உம்மென்று இருந்த மச்சாளின் மகள், நகைகள் எல்லாம் குலுங்கச் சிரித்தாள். ஐயர் மட்டும் மந்திரத்தை விடவில்லை. என் கணவர் கண்ணால் என்னைச் சுட்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் நானாவுக்கு எடுத்தேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டு ஆடக்கூடாது என்பது கழகத்துச் சட்டம். நடந்ததைச் சொன்னேன்.

"அவர் சொன்னது சரியான நகர்த்தலா?" என்று நானா கேட்டார்.

"சரிதான் நானா."

"அப்ப வெட்டேலாது தங்கச்சி." செத்த வீட்டில் கதைப்பதுபோல் இருந்தது குரல்.

எதிராளிக்கும் விசயத்தை எழுதிவிட்டு, ராணியை வெட்டாமல் விட்டு ராசாவைக் கோட்டைக்குள் போட்டேன். "உங்கட நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அவர் பதில் எழுதினார். எழுதிவிட்டு ராணியைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். பிறகு அதே ராணியால் என் ராசாவை மடக்கினார்.

தோற்ற முகத்தோடு பந்தியில் இருந்தேன். சித்தப்பா பாயாசக் கோப்பையோடு வந்து எதிரே நின்றார்.

"ஏன் பிள்ளை வெட்டேல்ல?"

"நீங்கள் சொன்னபடியால்தான், மாமா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. சட்டத்தை விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை. "என்ர சொல்லைக் கேட்டிருந்தா வெண்டிருப்பாள்" என்று ஒவ்வொரு பந்தியிலும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் பாதிப் பேர் அவர் பக்கம்.

அடுத்த கிழமை சித்தப்பா நானாவின் போன் இலக்கத்தை என்னிடம் வாங்கினார். எங்கள் அணியில் ஒருவருக்கு வயலில் அரிவு வெட்டு நேரம், ஆள் குறைந்தது. நானாவும் யோசிக்காமல் சேர்த்துவிட்டார். சித்தப்பாவுக்குத் தொடக்கம் ஒன்றும் தெரியாது, படிக்கவும் மாட்டாராம். இரண்டு ஓரத்துச் சிப்பாய்களையும் முதலில் தள்ளிவிட்டு, வருவது வரட்டும் என்று இருக்கிறார். எதிராளிகள் குழம்பிப்போகிறார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் நானா எனக்கு வேறு ஒரு செய்தி அனுப்புகிறார்: "தங்கச்சி, நீங்க விரும்பினதைக் குடுங்க. மாமாவை மட்டும் ஓரத்துச் சிப்பாயைத் தொடாம இருக்கச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. போன ஞாயிறும் அவர் வென்றார், நான் தோற்றேன்.