96,99,691-ஐ வகுத்த நாட்கள்

எங்கள் கல்யாணத்தின் முதல் வருஷம் நாள்காட்டித் தாள்களில்தான் நடந்தது. படப்பையில் ஒற்றை அறை. எனக்குப் பகல் ஷிப்ட். அவருக்கு வேறொரு கம்பெனியில் நைட் ஷிப்ட். அவர் வருவதற்குள் என் பஸ் கிளம்பிவிடும். நான் திரும்புவதற்குள் அவர் போயிருப்பார். ஞாயிறு எனக்கு லீவு, அவர் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். புதன் அவருக்கு லீவு, சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்குக் கண் சொக்கும். இதுவும் ஒரு குடித்தனமா என்று எரிச்சலாக வரும்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கும் லீவு வேண்டும், செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதையும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளினோம். ஒரு புதன்கிழமை அவர் என் பேட்ஜைத் தூக்கிப் பார்த்தார். என் ஊழியர் எண் 96,99,691.

“வாத்தியாரம்மா, நீ கணக்குதான படிச்ச? இந்த நம்பரு மீதி இல்லாம என்னிக்கு வகுபடுதோ, இன்னா ஆனாலும் சரி, அந்த வாரமே ரெண்டு பேரும் லீவு.”

பகா எண்களால் மட்டும், வரிசையாக, நாளைக்கு ஒன்று என்று நான் விதி போட்டேன். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் இன்று நான் வகுப்பேன், நாளை அவர். நாலு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தார், பாவம்.

இரண்டில் தொடங்கிப் பத்தொன்பதுவரை எட்டுத் தாள்களிலும் மீதி ஒன்று. “இன்னாடி, பேய் நம்பரா கீது” என்று எட்டாவதில் எழுதியிருந்தார். சிரித்தேன். அப்புறம்தான் தோன்றியது. இந்த எண்ணே ஒரு பகா எண்ணாக இருந்தால்? அதன் வர்க்கமூலம் 3,114 வரை எதுவும் வகுக்கவில்லை என்றால், அப்புறம் எதுவுமே வகுக்காது. அதற்குள் நானூற்றுக்கு மேல் பகா எண்கள். ஒரு வருஷம் தாண்டிவிடும். போனில் தட்டினால் நொடியில் தெரியும். தட்டவில்லை. பகா எண் என்று வந்துவிட்டால் அந்தச் சாயங்காலமே கிடையாது.

அறுபத்தொன்பதாவது தாள் என் முறை. 347. கேன்டீனில் எச்சில் கையோடு கணக்குப் போட்டேன். 27,953 தடவை, மீதி சைபர். மறுபடி போட்டேன். சைபர்.

“ஏன்க்கா அழுவுறீங்க?” என்றாள் பக்கத்தில் சாப்பிட்டவள்.

சொன்னபடி அந்த வாரமே லீவு போட்டோம். ஏரிக்கரையில் நல்ல காற்று. கடலை வாங்கித் தந்தார். பேச எவ்வளவோ இருந்தது, இரண்டு பேரும் கடலையை உரித்துக்கொண்டிருந்தோம். இருட்டும் நேரத்தில் தன் பேட்ஜை எடுத்து என் மடியில் போட்டார்.

“அடுத்து என் நம்பரு.”

கடைசி இலக்கம் நான்கு.

“ஏங்க, இது ரெண்டாலயே வகுபட்டுரும். இந்த வாரமே மறுபடி லீவு போடணும்.”

“தெரிஞ்சுதான் குடுக்கறேன்.”

அவர் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லியிருக்கலாம். இப்போது நினைத்தாலும் என்மேலேயே கோபம் வருகிறது.

“இந்த வாரம் இன்னொரு நாளும் போகலன்னா மெமோ குடுத்துருவாங்க” என்றேன்.

அவர் பேட்ஜை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.