முடிச்சு மேல்பக்கம்

ஞானமேரியின் இரண்டு கைகளும் குடத்தின் கழுத்தில் இருக்கின்றன. நாலாக மடித்த பழைய வேட்டித் துணியை அதன் வாய்மேல் போட்டு, பனைநாரால் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்துக் கட்டுகிறாள். பிறகு ஆள்காட்டி விரலால் துணியின் நடுவில் ஒரு சுண்டு. 'டப்'பென்று கேட்டால் தண்ணீர் ஊற்றுவாள். 'தொப்'பென்று கேட்டால் அவிழ்த்து முதலிலிருந்து கட்டுவாள்.

"லொடலொடன்னு கட்னா ஓரத்துல பூந்துக்கினு போயிடும், நர்சம்மா. பேனுக்கு வழியா தெரியாது?"

பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே கூலிக்காரர்களின் முப்பது வீடுகள். குட்டையை ஒட்டினாற்போல் இருப்பது அவளுடையது. நாற்று நடுவாள், களை எடுப்பாள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவாள். வயது கேட்டால், "பெரிய புயலுக்கு அப்பறம் பொறந்தேன்" என்பாள். எந்தப் புயல் என்று தெரியாது. கடைவாயில் எப்போதும் ஒரு பாக்கு. யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டாள், துணியைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் இருக்கும்போதே முன்னால் இருப்பவளின் முந்தானையை விரலால் தேய்த்து, "இன்னா நெருக்க நெசவு! கிழிஞ்சா எங்கிட்ட குடு" என்று சொன்னவள்.

அதற்குக் காரணம் உண்டு. ஊர்க்கிணற்றில் இவர்கள் வாளி விட முடியாது. குட்டைதான். நாலு கல்படி இறங்கிக் குடத்தை அமுக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் நரம்புச் சிலந்தி என்ற புழு இருந்தது. குடித்த அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் பங்குனி, சித்திரையில் காலில் கொப்புளம் எழும்பி, வெள்ளை நூல் போலப் புழு தலையை நீட்டும். அதைத் துடைப்பக் குச்சியில் சுற்றி, நாளுக்கு இரண்டு விரற்கடையாக இழுக்க வேண்டும். அறுந்தால் சீழ் வைக்கும். எரிச்சல் தாங்காமல் எல்லோரும் காலைக் குட்டையில் ஊறப்போடுவார்கள். புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடுவது அந்த நேரத்தில்தான். அவளுடைய புருஷன் சவுரிராயனுக்கு மூட்டிலேயே அறுந்து, முழங்கால் மடங்காமல் போயிற்று. இவள் காலும் போனால் அந்த வீட்டில் உலை ஏறாது.

நான் திண்டிவனத்திலிருந்து வாரம் இருமுறை கட்டுப்போட வருவேன். கிருமி, கிருமி என்று எத்தனையோ முறை சொன்னேன், தலையாட்டினார்கள். 1943 மாசியில், காலி மருந்துப் பாட்டிலில் குட்டைத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். உள்ளே பேன் போலப் பொடிப் பொடியாகப் பூச்சிகள் துள்ளின. "சிலந்திக் குஞ்சு இந்தப் பூச்சிக்குள்தான் இருக்கும். துணியில் வடிகட்டினால் நின்றுவிடும்" என்றேன். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். ஞானமேரி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள்.

"பாருடி, உன் குடத்துல பேனு!"

கிருமிக்கு அசையாத பெண்கள் பேனுக்கு அசைந்தார்கள். குடத்தில் பேன் வைத்திருப்பவள் என்று பெயர் எடுக்க எவள் சம்மதிப்பாள்?

ஆனால் யுத்த காலம். கடையில் துணி இல்லை. "மனுசனுக்குக் கட்டத் துணி இல்ல, இவ குடத்துக்குக் கோமணம் கட்றா" என்றார் ஏர் ஓட்டும் மண்ணாங்கட்டி. தெருவே சிரித்தது.

"உன் கோமணத்த யாரும் கேக்கல அண்ணாத்தே. வேட்டியில ஒரு முழம் கிழிச்சிக் குடு, போதும்" என்றாள் இவள். தெரு இன்னும் பலமாகச் சிரித்தது. துணி வந்தது; முப்பது வீட்டுக் குடத்துக்கும் பங்கிட்டாள்.

அந்த வருஷம், ஏற்கெனவே குடித்ததன் பலனாகப் பத்தொன்பது பேர் படுத்தார்கள். அடுத்த வருஷம் நாலே பேர். எனக்கு அது பெரிய வெற்றி. தெருவுக்கு அப்படி இல்லை. நாலில் ஒருவர் மண்ணாங்கட்டி. படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "இன்னா மேரி, உன் துணிய ஓட்டை போட்டுக்கினு பேனு பூந்துட்ச்சா?" என்று கேட்டார். பெண்கள் தங்கள் துணியைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள்.

ஞானமேரி படியின் மேலே நின்றுகொண்டு சொன்னாள்: "ஒரே ஒரு வருசம். அடுத்த வருசம் ஆடி பொறக்கறதுக்குள்ள புதுசா ஒருத்தர் கால்ல சிலந்தி வந்தாலும், எல்லாத் துணியையும் நானே தோச்சிக் குடுத்துடறேன். அப்பறம் துணின்னு வாயத் தொறக்கமாட்டேன்." பிறகு குனிந்து, "அண்ணாத்தே, அந்தக் காலு அங்க கெடக்கற வரைக்கும் ஒரு பொம்பள குடத்த அமுக்கமாட்டா. உன் பொண்டாட்டியும்தான்" என்றாள்.

துணியை நம்பாத பெண்களுக்கும் புண் கால் ஊறும் தண்ணீர் பிடிக்கவில்லை; காலிக் குடத்தோடு வரப்பில் உட்கார்ந்தார்கள். உச்சி வெயில் ஏறியதும் முப்பது வீட்டு ஆண்களும் தண்ணீர் கேட்டு மண்ணாங்கட்டியைத்தான் திட்டினார்கள். அவர் காலை எடுத்தார். ஊறவைக்க அவருக்கு ஓர் உடைந்த பானையைக் கொடுத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாந்தரையில் கொட்டச் செய்தாள் ஞானமேரி.

நாலு பேரும் இரண்டே வீட்டார் என்பதை அவள்தான் கவனித்தாள். இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் எடுப்பது மண்ணாங்கட்டியின் மனைவி அம்சவள்ளி. மூன்று நாள் ஞானமேரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்தாள். தெருவிலேயே சுத்தக்காரி அம்சவள்ளி. ஒரு குடம் வடிகட்டியதும், அடுத்த குடத்துக்குத் துணியைத் திருப்பிப் போட்டுக் கட்டினாள்.

"ஏண்டி திருப்பற?"

"அழுக்குப் பக்கத்துலயா ஊத்துவாங்க, யக்கா?"

மேல்பக்கம் தங்கியதெல்லாம் அப்படியே குடத்துக்குள் இறங்கியிருக்கிறது. எனக்கு இது தோன்றவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஞானமேரி அவளைத் திட்டவில்லை. துணியின் ஒரு மூலையில் கொட்டைப்பாக்கு அளவு முடிச்சுப் போட்டாள். "முடிச்சு மேல, மானத்தப் பாக்கணும். கவுந்துச்சுன்னா, தண்ணிய மரத்துக்கு ஊத்து." அன்றே முப்பது வீட்டுத் துணியிலும் முடிச்சு ஏறியது.

அவள் கெடு வைத்த இந்த வருஷம் பங்குனி போயிற்று. சித்திரை, வைகாசி போயின. நான் வாரம் இருமுறை கால் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனி இருபதாம் தேதி, ஞானமேரியின் குதிகாலே வீங்கிற்று.

அவள் மறைக்கவில்லை. தெரு நடுவில் உட்கார்ந்து காலை நீட்டி, "எல்லாரும் பாக்கட்டும். ஜல்தி கீறுங்க" என்றாள். சவுரிராயன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கீறினேன். சீழ் வந்தது. இடுக்கியில் ஏதோ தட்டுப்பட்டது, இழுத்தேன். அரை விரல் நீளக் கருவேல முள்.

"முள்ளு!" என்று கத்தினாள் அம்சவள்ளி. பெண்கள் போட்ட குலவையில் காக்கைகள் மரத்தை விட்டுக் கிளம்பின. ஞானமேரி கட்டுப்போட விடாமல் நொண்டிக்கொண்டே போய், அந்த முள்ளை முப்பது வீட்டு வாசலிலும் காட்டிவிட்டு வந்தாள்.

ஆனி கடைசி நாள் எல்லாக் கால்களையும் ஒருமுறை பார்த்தேன். நூற்று முப்பத்தாறு பேர். ஒரு சிலந்தி இல்லை. அன்று அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை குட்டைக்கரையில் ஞானமேரி தன் துணியைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். நைந்து வெளிச்சம் தெரிந்தது. அப்போது மண்ணாங்கட்டி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு மூலையில் பெரிய முடிச்சாகப் போட்டு, நீட்டினார். அவள் வாங்கி நெசவைப் பார்த்தாள், முகர்ந்தாள், திருப்பி அவர் தோளிலேயே எறிந்தாள்.

"நெசவு ஒண்ணாம் நம்பரு. தோச்சிக்கினு வா."

மண்ணாங்கட்டி துண்டோடு குட்டைப் பக்கம் திரும்பினார். முதல் படியில் வைக்கப்போன காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கரையில் நின்றபடியே இரண்டு கைகளையும் நீட்டி, "ஒரு கொடம் மொண்டு ஊத்தும்மா" என்றார்.