சாமி இல்லாத மலை

ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் மகள், என்னையும் மனைவியையும் ஒரு நாள் மலையேறக் கூட்டிப்போனாள். அதுவரை நான் ஏறிய உயரமெல்லாம் ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டுதான். காலையிலிருந்து தூறல், சேறு. முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. மலை என்றால் உச்சியில் முருகன் இருப்பான் என்ற பழக்கத்தில், வலிக்கும்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினேன்.

உச்சியில் நடந்து வந்தவர்கள் அடுக்கிய கற்குவியல் மட்டும் இருந்தது. மனைவி ஷூவைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றத் தொடங்கினாள்.

"அம்மா, இங்க சாமியெல்லாம் கிடையாது," என்றாள் மகள்.

"இவ்ளோ தூரம் ஏறிட்டு சும்மாவா இறங்கறது?"

எரிச்சலோடு நானும் கழற்றிவிட்டு மூன்று சுற்று சுற்றினேன். வீங்கிய கால் மறுபடி ஷூவுக்குள் போகவில்லை. திட்டுவதற்குக்கூட அங்கே ஒரு சாமி இல்லை.