ராக்கெட்டுக்கு முதுகு திருப்பி நின்ற அண்ணாச்சி

களக்காட்டில் மகள் வீட்டிலிருந்து திரும்பி, அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். சுவரில் புதுச் சுவரொட்டி. இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றதிலிருந்து, எதைக் கண்டாலும் நின்று வாசிப்பது என் வழக்கம். சந்தோஷமாக எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். பெயர் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். சிதம்பரம் அண்ணாச்சி காலமாகிவிட்டார்.

அவருடைய பலசரக்குக் கடையில் மூட்டை இறக்கியவன் நான். அந்தக் கடையின் பெயர்ப்பலகையை நான் முதன்முதலில் வாசித்தபோது, “இனி உம்மை ஏமாத்த முடியாதுவே” என்று சிரித்தார்.

அவருக்கு ஒரே மகள், உமா. ராக்கெட் விடுகிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததும், தச்சநல்லூரிலிருந்த அவருடைய அண்ணன் குதித்தார். “பொம்பளப் பிள்ளை வாணம் விடப் போவுதாளோ?”

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அவள் வேலை பார்த்த ராக்கெட் மேலே போனால் யாரும் வாய் திறக்கக் கூடாது. கடலில் விழுந்தால், வேலையை விட்டுவிட்டுப் பெரியப்பா காட்டும் மாப்பிள்ளைக்கு அவள் கழுத்தை நீட்ட வேண்டும்.

அந்த ராக்கெட் ஏறுவதைப் பார்க்க அண்ணாச்சி என்னையும் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனார். ஏரிக்கரையில் நல்ல கூட்டம். நேரம் நெருங்கியதும் அண்ணாச்சி ஏவுதளத்துக்கு முதுகைத் திருப்பி, என் எதிரே நின்றுகொண்டார்.

“என்ன அண்ணாச்சி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு?”

“என்னால ஏலாதுவே. நீரு பாத்துச் சொல்லும்.”

தண்ணீருக்கு அப்பால் வெளிச்சம் எழுந்தது. ஆனால் சத்தமே இல்லை. கல்யாண வெடிக்கே காது அடைக்கும். இத்தனை பெரிய ராக்கெட் ஓசையில்லாமல் போகுமா? வெடிக்காத வெடி மாதிரி அணைந்துவிடும் என்றே நினைத்தேன். அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விழுந்துட்டுதாவே?”

நான் அந்த வெளிச்சத்தையே வெறித்தேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். “எம்பிள்ளைய நானே பந்தயம் வச்சிட்டேனே!”

அத்தனை தூரம் தாண்டி அப்போதுதான் வந்து சேர்ந்தது சத்தம். மண் அதிர்ந்தது. என் விலா எலும்பு நடுங்கியது. நெருப்பு மேகத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

“போவுது அண்ணாச்சி! மேல போவுது!”

அப்போதும் அவர் திரும்பவில்லை. “உம்ம மூஞ்சியிலேயே தெரியுதுவே” என்று அழுதுகொண்டே சிரித்தார்.

சுவரொட்டி பார்த்த அன்று மாலையில், உமா வந்து சேர்ந்த பிறகுதான் அண்ணாச்சியை ஆற்றங்கரைக்கு எடுத்துச் சென்றோம். கொள்ளி வைக்கப் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். தச்சநல்லூர் அண்ணன் அவனை விலக்கினார். “மக வந்துட்டாள்லா, அவளே வைக்கட்டும்.”

தீ வைத்துவிட்டு உமா சிதைக்கு முதுகைத் திருப்பி, என் எதிரே வந்து நின்றாள்.

“என்னால ஏலாது மாமா. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

தாமிரபரணிக்கு மேலே புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது.

“மேல போறாரும்மா” என்றேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், அண்ணாச்சி.