அந்த கோலைப் போட்டது நான்தான்

கொரட்டூர் ஏரி வற்றத் தொடங்கினால் முதலில் சேற்று வாடை வரும். சேறு காய்ந்து வெடித்ததும் நாங்கள் பந்தோடு இறங்கிவிடுவோம். வெறும் கால்தான். அறுத்த வயலின் தாள் மேல் ஓடி ஓடி என் உள்ளங்கால் தோல் தேயாத செருப்பாகவே ஆகியிருந்தது...

எனக்கு வயது தொண்ணூற்றெட்டு. கண் மங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல பேத்தி கயல் போனில் அடிக்கிறாள். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் எல்லாம் மூன்று புள்ளி வைத்துவிடுகிறாளாம். புள்ளி அதிகமாக இருந்தால் குற்றம் என்னுடையது.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். ஆவடியில் பட்டாளத்து வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை. என்னை அங்கே எடுத்ததே பந்து ஆடத்தான். ஏட்டில் ஃபிட்டர், உண்மையில் சென்டர் ஃபார்வர்ட், அதோடு டீம் கேப்டன். காலையில் ஸ்பானர், நாலு மணிக்கு மைதானம். பந்து உதைப்பதற்குச் சோறு போடுகிறார்கள் என்றதும் அந்த வயதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

யுத்தம் முடிந்ததும் ஆள்குறைப்பு வந்தது. பட்டறைத் துரை சொல்லி அனுப்பினார்: பட்டாளத்துக் கோப்பை ஃபைனலில் கோல் போடுகிறவனுக்கு வேலை நிரந்தரம், மெட்ராஸ் டீமிலும் இடம். துரைக்கு அன்று ஊரில் வேறு வேலை. ஆட்டத்துக்கு வரவில்லை. காகிதத்தில் என்ன வருகிறதோ அதுதான் அவருக்கு ஆட்டம்.

எதிரே சோல்ஜர் டீம். பதினோரு பேரும் பூட்ஸ். எங்களில் பூட்ஸ் போட்டவன் ஒருத்தன்தான், ஹெட் கிளார்க்கின் மச்சினன் ரங்கன். ஓடினால் பூட்ஸ் அழுக்காகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, ஓடவே மாட்டான்.

கடைசி நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடது ஓரத்திலிருந்து காசிம் பந்தைத் தூக்கிப் போட்டான். பூந்தமல்லிக்காரன், அத்தர் வியாபாரி மகன், என் உயிர் சிநேகிதன். "முனுசாமி... அடி மாமே!" என்று அவன் கத்தியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. நான் கால் கட்டைவிரலால் குத்தினேன். அதே நொடியில் ஒரு சோல்ஜரின் பூட்ஸ் அந்த விரல் மேலேயே இறங்கியது. பந்து வலைக்குள் போனது. நகம் மண்ணில் கிடந்தது.

ரங்கன் அப்போது எங்கே இருந்தான் தெரியுமா? பத்து கஜம் தள்ளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு...

காசிம் தன் கைக்குட்டையைக் கிழித்து விரலில் கட்டிக்கொண்டிருந்தான். ஹெட் கிளார்க் காகிதத்தோடு வந்தார். யார் கோல் போட்டது என்று இங்கிலீஷில் எழுதி, அடியில் கேப்டனிடம் கைநாட்டு வாங்குவது எங்கள் பட்டறை வழக்கம்.

"கோல் போட்டவன் பேரு எழுதியாச்சுடா. குத்து."

குத்தினேன். வலியிலும் பல்லை இளித்துக்கொண்டு, மை வழிய வழிய, அழுத்திக் குத்தினேன். என் பேருக்கு அடியில்தானே வைக்கிறோம் என்று.

மூன்றாம் நாள் போர்டில், வேலையில் நீடிக்கிறவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். காசிமுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் படிக்க வரும். படித்தவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"மாமே... ரங்கன் பேருதான் கீது. உன் பேரு இல்ல."

நேராக ஹெட் கிளார்க்கிடம் போனேன். மனுஷன் மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"ரங்கன் போட்டான்னுதான் எழுதிகீது. கீழ கைநாட்டு உன்னுதுதானே? கேப்டனே ஒத்துக்கினான், நான் இன்னா பண்றது?"

"எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சிதானய்யா நீட்டினே!"

கூட வந்த காசிம் பாய்ந்தான். "நான் பாத்தேன் சார், இவன்தான் அடிச்சான்!"

"உன் பேரையும் லிஸ்ட்லருந்து எடுத்துடட்டா?"

காசிமை நானே வெளியே இழுத்து வந்தேன். அவனுக்கு மூன்று தங்கச்சிகள். வெளியே, ரங்கனைத் தவிர மற்ற எட்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் இருக்கிறது. பாவிப் பசங்க...

ஒன்றரை சீசன். என் ஃபார்வர்ட் வாழ்க்கை அவ்வளவுதான். மறுபடி சொந்த ஊர் அம்பத்தூர், மறுபடி எங்கள் கழனி. ரங்கன் மெட்ராஸ் போனான். ஒருமுறை அவன் ஆட்டத்தைப் போய்ப் பார்த்தேன். கோல்கீப்பரே இல்லாத கோலில் பந்தை வெளியே அடித்தான். அன்றைக்கு ஊடு வந்து நான் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை!

ஆனால் ராத்திரி படுத்தால் ஹெட் கிளார்க் முகம் வராது. என் கட்டைவிரல்தான் வரும். அந்த மையோடு. அவன் ஏமாற்றினான், சரி. நான் ஏன் "இன்னா எழுதிகீறே, படிச்சிக் காட்டு" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை? அந்தக் கோபத்தில்தான் அக்கா பிள்ளைகளோடு உட்கார்ந்து சிலேட்டில் அ, ஆ எழுதினேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கொள்ளுப்பேரன் ஆட்டம் பார்க்க அம்பத்தூரில் ஏதோ டர்ஃப் என்று கூட்டிப்போனார்கள். பச்சைப் பாய் விரித்த மாதிரி தரை. ஒவ்வொருத்தன் முதுகிலும் பேர். ஒரு கோல் விழுந்தால் பத்து போன் படம் பிடிக்கிறது. எவனும் எவன் கோலையும் திருட முடியாது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

பையன் என் காலைப் பார்த்துக் கேட்டான். "தாத்தா, இந்த விரல்ல நகம் எங்க?"

"ஆவடில கீதுடா" என்றேன்.

இதோ, கயல் கேட்கிறாள். "முடிஞ்சிதா தாத்தா? கீழ உங்க பேர் போட்டுடட்டுமா?"

"இரு. மொதல்லருந்து படிச்சிக் காட்டு."

"எல்லாம் நீங்க சொன்னதுதான் தாத்தா..."

"இருக்கட்டும். படி."

படித்துக் காட்டிவிட்டாள். புள்ளிகளைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போது போடலாம்.

முனுசாமி, சென்டர் ஃபார்வர்ட்.