பாய் கேட்கிற கேள்வி

“கால் இடிச்சிக்கிட்டா இன்னான்னு கத்துவ?” என்று கேட்டார் அஷ்பாக், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நீட் தேர்வுக்கு விண்ணப்பம் போட வந்திருந்த கயல்விழிக்கு அப்போது பதினேழு வயது. “அம்மான்னு” என்றாள்.

“ஐயோன்னு?”

“அப்பப்ப.”

“ரெண்டும் தமிழு. அப்ப கேள்வித்தாளு தமிழ்னு போடுறேன்.”

கம்மாபுரத்திலிருந்து கூட வந்திருந்த அவள் அப்பா சடையப்பனுக்குச் சுருக்கென்றது. “இன்னா பாய், பத்தாவதுக்கு மேல இங்கிலீஷ் மீடியத்துல சேத்து உட்டுருக்கேன். இங்கிலீஷ்னே போடுங்க. நாலு பேர் கேட்டா கௌரவமா இருக்கும்.”

“கௌரவத்துக்குன்னு பரீட்ச ஹால்ல தனியா பெஞ்சு போட மாட்டாங்க மாமா. நீங்க சும்மா இருங்க, நான் புள்ளய கேக்குறேன்.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “தமிழ்னு போட்டா ரெண்டு மொழியிலயும் கேள்வி இருக்கும். இங்கிலீஷ்னு போட்டா அது ஒண்ணுதான். உனுக்கு எது வேணும்?”

“ரெண்டும்.”

“சத்தமா சொல்லும்மா. உங்கப்பாவுக்குக் கேக்கட்டும்.”

சத்தமாகத்தான் சொன்னாள். மருத்துவப் படிப்பு கிடைக்கவில்லை. இப்போது சிதம்பரத்தில் முதுகலை ஆங்கிலம் படிக்கிறாள். ஆனாலும் ஆண்டுதோறும் நுழைவுத் தேர்வு விண்ணப்பங்கள் குவிகிற நாட்களில், வகுப்பில்லாத பொழுதெல்லாம் பஸ் ஏறிக் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் அஷ்பாக்கின் ஜெராக்ஸ் கடைக்கு உதவிக்கு வந்துவிடுகிறாள். அதிகம் பேசாதவள். பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். பார்ப்பதற்கு அங்கே அஷ்பாக் இருக்கிறார்.

இந்த ஆண்டு பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பல வாரங்களுக்கு முன்பே அனுப்பி முடித்த மனிதர், சொந்த மகள் அம்ரீனுடையதை மட்டும் இன்னும் தொடவில்லை. அவள் போன வருடம் எழுதி, மதிப்பெண் போதாமல், ஒரு வருடமாக வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறாள். கடைக்கு வரச் சொன்னால் “நாளைக்கு வரேன் அத்தா” என்பாள். அந்த நாளைகள் தீர்ந்து, கடைசி நாளே வந்துவிட்டது.

அஷ்பாக்குக்கு நாற்பத்தெட்டு வயது. கண்ணாடி மூக்கில் இருப்பதைவிட நெற்றியில் இருக்கும் நேரம்தான் ஜாஸ்தி. சவூதியில், தம்மாமில் பதினோரு வருடம் விசா படிவங்கள் தட்டச்சு செய்தவர். போன புதிதில் அவருடைய அடையாள அட்டையில் பெயர் ‘இஷாக்’ என்று அச்சாகிவிட்டது. திருத்தி வாங்க நான்கு வருடம் ஆனது. “எவனையோ கூப்புடுறான்னு நெனச்சி திரும்பாமலே போய்க்கிட்டு இருப்பேன். மேனேஜர் எனக்குக் காது மந்தம்னு முடிவே பண்ணிட்டான்” என்பார்.

அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூவாமல் அவருக்குக் கை ஓடாது. “கே ஃபார் குவைத், ஏ ஃபார் அபுதாபி, ஒய் ஃபார் ஏமன்.” வளைகுடாவில் ஊர் அகப்படாத எழுத்துக்கு உள்ளூர் கைகொடுக்கும்: “வி ஃபார் வடலூர்.” ழகரம் உள்ள பெயராக இருந்தால், மக்காவின் புனித ஊற்றைச் சொல்லும் இடத்தில் குரல் சற்றே தாழும்: “இசட் ஃபார் ஜம்ஜம்.” வரிசையில் நிற்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். தன் பெயர் வரும்போது எல்லாருமே கூர்ந்து கேட்பார்கள்.

புகைப்படத்துக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும். சுவரில் ஒரு படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டியிருக்கிறார். “காது தெரியட்டும்மா, முடிய ஒதுக்கு. டாக்டராவப் போறவ, ஸ்டெதாஸ்கோப்ப எதுல மாட்டுவ?” ஆனால் ஓடிபி எண் வரும் நேரத்தில் விளையாட்டெல்லாம் கிடையாது. சேத்தியாத்தோப்புப் பெண் ஒருத்திக்கு அந்த எண் அப்பாவின் போனுக்குப் போனது. அப்பாவோ அறுவடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“மாமா, மெஷினை நிறுத்தச் சொல்லுங்க!”

“ஆங்? நிறுத்திப்புட்டா வாடகைய நீயா தருவ?”

“உங்க பொண்ணு டாக்டராகித் தருவா. நம்பர ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க!”

மூன்றாவது முறை வந்த ஓடிபியில்தான் ஆறு இலக்கமும் முழுதாக வந்து சேர்ந்தது. அதற்குள் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் வியர்த்துவிட்டது.

கடைசி நாளன்று மதியத் தொழுகை முடித்து அஷ்பாக் திரும்பியபோது, அம்ரீன் கடையில் உட்கார்ந்திருந்தாள். கயல்விழி ஜெராக்ஸ் இயந்திரத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்றபடி யாரும் இல்லை. அவர் மகளுடைய பெயரைக் கூவவில்லை, மெதுவாக அடித்தார்.

“சென்டர் கடலூரா, பாண்டிச்சேரியா?”

“எதுனா போடுங்க அத்தா.”

“மொழி?”

“உங்க இஷ்டம்.”

“சென்டர காஷ்மீர்னு போட்டுடவா? போயி எழுதிட்டு, அப்படியே பனியில வெளையாடிட்டு வருவியாம்.”

“சரி அத்தா.”

அவள் சிரிக்கவில்லை. துப்பட்டாவின் ஓர் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு, பிரித்து, மறுபடியும் சுற்றினாள். அஷ்பாக்கின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கயல்விழிக்குத் தோன்றியது. தாளைப் பார்த்தாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அஷ்பாக் எழுந்து கயல்விழியருகே வந்தார். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திப் பேசினார்.

“கயலு, எனக்காக ஒண்ணு செய்யி. அவளுக்கு இந்தப் பரீட்ச வேணுமா வேணாமான்னு நீ கேளு. நான் கேட்டா ‘எழுதுறேன் அத்தா’ன்னுதான் சொல்லுவா. போன வருஷமும் அதான் சொன்னா. வேணான்னா, உட்டுடு. ஏன்னு கேக்காத. நான் டீக்கடையில நிக்கிறேன்.”

படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, இடுக்கு ஏதும் விடாமல் பொருந்திவிட்டதா என்று உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.