எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வந்த பூச்சாண்டி

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள். வாசலில் கரடி வேஷம் போட்ட ஒருத்தர் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார். கரடித் தலைக்குள்ளிருந்து, "சார், மணி இன்னா?" என்று கேட்டார். சொன்னேன். "இன்னும் ஒரு மணி நேரம் நிக்கணுமா" என்று கரடி பெருமூச்சு விட்டது. பிறந்தநாள் குழந்தையோ அதைக் கண்டதும் வீறிட்டு அப்பன் தோளில் ஏறிக்கொண்டது. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு அப்படியே தலைகீழ்.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் அக்கா பிலோமினா வீட்டில் தங்கி, ஒரு சரக்கு ஆபீசில் பியூனாக இருந்தேன். மணி அடித்தால் எழுந்து நிற்கிற வேலை. அதை நன்றாகவே செய்தேன். அக்கா புருஷன் அந்தோணி மச்சானுக்கோ துறைமுகத்தில் கப்பல் கரி இறக்குகிற வேலை. விடியுமுன் கூடையோடு போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் அவருடையவை. மிச்சமெல்லாம் கரி.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா தன் மகள் ரீட்டாவுக்குச் சோறு ஊட்டுவாள். "துன்னுடி, பூச்சாண்டி வந்துகினே கீறான்" என்பாள். சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் மச்சான் நிற்பார். மற்ற வீடுகளில் பூச்சாண்டி வருவதாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நிஜமாகவே வந்தான். வரும்போது பொரி உருண்டையும் வாங்கி வந்தான். பயப்பட என்ன இருக்கிறது? ரீட்டா "பூச்சாண்டி!" என்று கைதட்டித் துள்ளுவாள்.

தகராறெல்லாம் அவர் குளித்த பிறகுதான். தேய்த்துக் குளித்து, தலை வாரி வந்தால், யாரோ அந்நிய ஆள் வீட்டுக்குள் புகுந்துவிட்டதாக அலறுவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு என் தோளில்தான் வருவாள். "பெத்தவன் நானு, தூக்கினு போறவன் நீயா?" என்று மச்சான் என்னை முறைப்பார், ஏதோ நான் திட்டம் போட்டுச் செய்தது மாதிரி.

இரண்டாவது பிறந்தநாள் வந்தது. "கேக்கு வெட்டச்சொல்லோ கொயந்த என் மடில குந்தணும்" என்றார் மச்சான். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அக்கா யோசித்தாள். "அதுக்குப் புடிச்சது பூச்சாண்டி. எல்லாத்தயும் பூச்சாண்டியாவே வெச்சிடலாம். கறுப்புக்கு நம்ம வூட்ல இன்னா பஞ்சம்?"

"அப்ப நீ குளிக்காதயே வந்து குந்திக்க மச்சான்" என்றேன்.

"அன்னிக்கு ஒரு நாளாச்சும் நான் அப்பனா இருந்துக்கறேன்டா" என்றார்.

அலங்காரம் என் பொறுப்பு. ஆபீசில் தூக்கிப்போட்ட கார்பன் பேப்பரைக் கொண்டுவந்து கத்தரித்துத் தோரணம் கட்டினேன். ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வரைந்தேன். சுண்ணாம்பு மீந்துபோனதால் பல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அக்கா அலுமினியப் பாத்திரத்தில் மணல் கொட்டிச் சூடாக்கி ரவை கேக் செய்தாள். அடி கருகிவிட்டது. அன்றைய ஏற்பாட்டோடு ஒத்துப்போனதால் யாரும் குறை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு காதர் பாய் உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார். "இன்னாபா இது, பொறந்த நாளா, எழவு வூடா?" என்றபடி தோரணத்தைத் தொட்டார். அதே கையால் ஜிப்பாவைத் தடவிக்கொண்டார். ஐந்து விரலும் அதில் கறுப்பாகப் பதிந்தன.

மச்சான் குளித்து, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில், முகத்துக்குப் பவுடர் போட்டு வந்து உட்கார்ந்தார். ரீட்டாவை மடியில் வைத்தோம். அவள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. "பூச்சாண்டி வேணும்" என்று வாசலைக் காட்டி அழுதாள். சட்டியைக் காட்டினோம். அது வேண்டாமாம். மெழுகுவத்தி உருகிக் கேக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனார்.

பின்பக்கமாகச் சுற்றி வாசலில் வந்து நின்றார். முகம், கை, வெள்ளைச் சட்டை எல்லாம் அடுப்புக்கரி. கப்பல் கரிக்கும் அடுப்புக்கரிக்கும் ரீட்டா வித்தியாசம் பார்க்கவில்லை. பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புது கவுன் போனது. அவர் மடியில் உட்கார்ந்து கேக் வெட்டி, முதல் துண்டை அவர் வாயில் திணித்தாள்.

"அந்தச் சட்டைய யாரு தோய்க்கறது?" என்றாள் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. மச்சானுக்குப் பல் மட்டும் தெரிந்தது. சிரிக்கிறார் என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் கரி இறக்க இயந்திரம் வந்தது. கூடை தூக்கியவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். சாயங்காலம் கறுப்பாகத் தெருவில் நடந்து வருகிற அந்த வரிசை நின்றுபோனது. குழாயடியில் கறுப்புத் தண்ணீர் ஓடுவதும் நின்றது. மச்சானைத் துறைமுக கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். காக்கிச் சட்டை, கறை படாத வேலை. சில வாரங்களில் ரீட்டா பழகிவிட்டாள். அவர் மடியிலேயே உட்கார்ந்து, அவர் கையாலேயே சோறு தின்றாள்.

ஒருநாள் அப்படித் தின்றுகொண்டிருந்தவள் வாசலைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, பூச்சாண்டி ஏன் வர்ல?"

மச்சான் அடுத்த உருண்டையைப் பிடித்து முடித்தார். "அவனுக்கு வேல போச்சும்மா" என்றார்.